பண்ணை விலங்குச் சரணாலயத்தில் குளிர்காலத் தொண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வடகிழக்கில், அதிலும் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் இருக்கும் சரணாலயங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் வேலை பார்ப்பவர்கள், இத்தாக்கா, பிங்ஹாம்டன் பக்கம் படிக்கும் மாணவர்கள் என்று நம் ஆட்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை.

பண்ணை விலங்குச் சரணாலயம் என்றால் நம் ஊர் கோசாலை மாதிரியா?

ஓரளவுக்கு. கோசாலையில் மாடுதான் இருக்கும். இங்கே பன்றி, கோழி, வான்கோழி, வெள்ளாடு, செம்மறி, வாத்து எல்லாம் இருக்கும். இறைச்சிக்கும் பாலுக்கும் முட்டைக்கும் வளர்க்கப்பட்டு, ஏதோ ஒரு வழியில் தப்பி வந்தவை. பால் கறப்பது, முட்டை விற்பது, இனப்பெருக்கம் செய்ய விடுவது எதுவும் கிடையாது. வந்த விலங்கு ஆயுள் முடியும்வரை அங்கேயே இருக்கும்.

அமெரிக்காவில் இதைத் தொடங்கி வைத்தவர்கள் என்றால் 1986-இல் ஃபார்ம் சாங்சுவரி அமைப்பை உருவாக்கிய ஜீன் பாவர், லோரி ஹூஸ்டன் இருவரையும் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கால்நடைச் சந்தைக்குப் பின்னால் செத்த விலங்குகளைக் குவித்து வைத்திருந்த இடத்தில் ஒரு செம்மறி உயிரோடு கிடந்தது. அதைத் தூக்கி வந்து காப்பாற்றி ஹில்டா என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆடு அதன் பிறகு பத்து ஆண்டுக்கு மேல் வாழ்ந்தது. இப்போது அவர்களுடைய பெரிய பண்ணை செனகா ஏரியின் தென்முனையில், வாட்கின்ஸ் கிளெனில் இருக்கிறது. சாகர்டீஸில் கேட்ஸ்கில் அனிமல் சாங்சுவரி, ஹை ஃபால்ஸில் உட்ஸ்டாக் ஃபார்ம் சாங்சுவரி என்று அதே மாநிலத்தில் இன்னும் சில உண்டு.

கோடையில் வந்தால் ஆகாதா? ஏன் குளிர்காலத்தில்?

கோடையிலும் வாருங்கள், தடையில்லை. ஆனால் கோடையில் ஆள் கிடைக்கும். பள்ளி விடுமுறை, சுற்றுலா, பச்சைப் புல்வெளி, புகைப்படம் என்று கூட்டமே வரும். பல சரணாலயங்கள் நவம்பரோடு பார்வையாளர் சுற்றுலாவை நிறுத்திவிடும். கல்லூரி மாணவர்கள் டிசம்பர் தேர்வு முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள். பனிப்புயல் அன்று, வருவதாகச் சொன்னவர்களிலும் பாதிப் பேருக்கு வண்டியை எடுக்க முடியாது.

விலங்குகளுக்கோ அப்போதுதான் வேலை கூடுகிறது. கோடையில் மேய்ந்துகொள்ளும் மாட்டுக்கு இப்போது ஒவ்வொரு வாயும் நாம்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும். குழாயில் தானாக வரும் தண்ணீரைச் சுமக்க வேண்டும். கோடையில் வெளியே விழும் சாணியெல்லாம் இப்போது கொட்டகைக்குள்ளேயே விழும். பகலும் குறைவு: டிசம்பரில் காலை ஏழரைக்கு விடிந்து மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதனால் ஜனவரி செவ்வாய்க்கிழமை காலையில் வரும் ஒரு ஆள், ஜூலை சனிக்கிழமை வரும் பத்து பேரைவிடப் பெரிய உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என்ன வேலை கொடுப்பார்கள்?

முக்கால்வாசி சாணி அள்ளுவதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்புறம் படுக்கை மாற்றுவது, தண்ணீர் வைப்பது, பனிக்கட்டியை உடைப்பது, தீனிக் கட்டுகளைத் தூக்குவது, வாசலிலிருந்து கொட்டகை வரை பனியைத் தள்ளிப் பாதை எடுப்பது, வாளி கழுவுவது, துண்டும் போர்வையும் துவைப்பது. மருந்து கொடுப்பது, குளம்பு வெட்டுவது போன்றவற்றைப் பராமரிப்பாளர்களே செய்வார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

ஒரு சிறிய வேலையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் இதைச் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். தீனியும் வைக்கோலும் சதுரக் கட்டுகளாக வரும். ஒன்று 20 கிலோ அளவில் இருக்கும். ஒவ்வொன்றையும் பெரும்பாலும் இரண்டு பிளாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். கட்டைப் பிரித்ததும் இரண்டு கயிற்றையும் உருவி, உங்கள் கோட்டுப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். "அப்புறம் எடுக்கலாம்" என்று தரையில் போட்டால் பத்து நிமிடத்தில் படுக்கைக்குள் புதைந்துவிடும். மாடோ ஆடோ அதை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். காலில் சுற்றினால் இரத்த ஓட்டம் நிற்கும். நான்கு கட்டு பிரித்தால் பையில் எட்டுக் கயிறு இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொட்டகையை விட்டு வெளியே வர வேண்டும்.

தண்ணீர் வைப்பது அவ்வளவு பெரிய வேலையா?

குளிர்காலத்தில் இதைவிடப் பெரிய வேலை எதுவும் இல்லை. காய்ந்த புல் தின்னும் ஒரு பெரிய மாடு குளிர்காலத்திலும் நாளுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். சுற்றிலும் பனி கிடக்கிறதே, அதைத் தின்றால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு பனியைத் தின்ன வேண்டும், அதை உருக்க உடம்பு எவ்வளவு சூட்டை இழக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு விலங்குக்கும் ஒவ்வொரு விதமாக ஆபத்து வரும். குதிரைக்குக் குடலில் தீனி இறுகி வயிற்று வலி வரும். காயடித்த வெள்ளாட்டுக் கிடாவுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். பன்றிக்கு வருவது இன்னும் மோசம்: தொட்டி உறைந்து ஒரு நாள் இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் போனால் உடம்பில் உப்பின் செறிவு ஏறி மூளையைத் தாக்கும். அதன் பிறகு பதறிப்போய் ஒரேயடியாகத் தண்ணீரைக் கொடுத்தால் மூளை வீங்கி வலிப்பு வரும். தொட்டியின் மேல் படிந்த ஒரு அங்குலப் பனிக்கட்டியைப் பார்க்காமல் விட்டாலே இவ்வளவும் நடக்கலாம்.

மின்சாரத்தில் சூடாகும் வாளிகள் உண்டு. ஆனால் கம்பி பிடுங்கிக்கொள்ளும், மின்சாரம் போகும், பன்றி கவிழ்த்துவிடும். அதனால் மேலாகப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். கையுறையைக் கழற்றி ஒரு விரலை விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, வயலில் நீண்ட கைப்பிடியோடு நிற்கும் தண்ணீர்க் குழாய். அதன் வால்வு தரைக்கு அடியில், உறைபனி எட்டாத ஆழத்தில் இருக்கும். மூடியதும் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் கீழே வடிந்துவிடும். அதனால்தான் உறையாமல் இருக்கிறது. ரப்பர் குழாயை மாட்டியபடி விட்டுப் போனால் தண்ணீர் வடியாது. காலையில் மொத்தமும் கட்டியாகி வெடித்திருக்கும். ஆகவே பிடித்து முடித்ததும் ரப்பர் குழாயைக் கழற்றி, தோள் உயரத்துக்குத் தூக்கி, முழுக்க வடித்து, உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

விலங்குகளுக்குக் குளிராதா? ஹீட்டர் வைக்க மாட்டார்களா?

நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் ஒரு மாடு வெளியே நிற்பதைப் பார்த்தால் நமக்கு மனசு கேட்காது. ஆனால் அதன் உடம்பு வேறு மாதிரி அமைந்தது. இலையுதிர் காலத்திலேயே அடர்ந்த முடி வளர்ந்துவிடும். வயிற்றில் புல் புளிக்கும்போது சூடு உண்டாகிக்கொண்டே இருக்கும். உடம்பு தேறிய, உலர்ந்த முடியுள்ள மாடு மைனஸ் 7, 8 டிகிரி வரை பெரிதாகச் சிரமப்படாது. அதே மாட்டின் முடி நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே உடல் சூட்டைக் காக்கக் கூடுதல் சக்தி செலவாகத் தொடங்கும். எதிரி யார் என்று இதிலேயே தெரிந்துவிடும்: ஈரமும் காற்றும். சுற்றுப்புறக் குளிர் அதற்கு அடுத்தபடிதான்.

செம்மறியின் முதுகில் விழுந்த பனி உருகாமல் வெள்ளையாகக் கிடந்தால் பயப்பட வேண்டாம். உடம்புச் சூடு வெளியே கசியவில்லை, கம்பளி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். வெள்ளாட்டுக்கு அந்தக் கம்பளி கிடையாது. தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. சிறு தூறல் விழுந்தாலே கொட்டகைக்குள் ஓடிவிடும்.

சூட்டு விளக்குகளை நல்ல சரணாலயங்கள் கூடுமானவரை தவிர்க்கின்றன. வைக்கோலும் தூசியும் நிறைந்த கொட்டகையில் ஒரு விளக்கு கழன்று விழுந்தால் போதும். குளிர்காலக் கொட்டகைத் தீ விபத்துகளுக்கு இந்த விளக்குகளும் பழுதான மின்கம்பிகளும் முக்கியக் காரணம். கிழடுகளுக்கும் நோயாளிகளுக்கும் போர்வை போர்த்துவார்கள், அல்லது தனி அறையில் பாதுகாப்பான சூடு கொடுப்பார்கள். மற்றவற்றுக்கு ஆழமான உலர்ந்த படுக்கை, காற்றைத் தடுக்கும் சுவர், வயிறு நிறையத் தீனி. கடுங்குளிர் இரவு என்று தெரிந்தால் மாலையில் கூடுதலாகப் புல் போடுவார்கள். அது இரவெல்லாம் வயிற்றில் புளித்துச் சூடு கொடுக்கும்.

வைக்கோலைத் தீனியாகப் போடுவதா, படுக்கையாகப் போடுவதா?

படுக்கையாக. நம் ஊரில் மாடு தின்பதே வைக்கோல் என்பதால் இங்கே முதல் நாள் எல்லோருக்கும் குழப்பம் வரும். இங்கே தீனி என்பது பச்சையாக இருக்கும்போதே அறுத்துக் காயவைத்த புல். கட்டு பச்சை கலந்த நிறத்தில், மணமாக இருக்கும். கோதுமை, ஓட்ஸ் அறுத்த பிறகு மிஞ்சும் மஞ்சள் தாள்தான் வைக்கோல். அதில் சத்து குறைவு. ஆனால் தண்டுக்குள் வெற்றிடம் இருப்பதால் காற்றைப் பிடித்து வைத்து நல்ல கதகதப்பைத் தரும். மாற்றிப் போட்டால் விலை உயர்ந்த தீனி காலடியில் வீணாகும், பசித்த வாய்க்குச் சத்தில்லாதது போகும்.

பூஞ்சை வாடை அடிக்கும் கட்டைப் போடவே கூடாது. கெட்டுப்போன தீனியிலிருந்து ஆடுகளுக்கு லிஸ்டீரியா என்ற கிருமி தொற்றி, தலை ஒரு பக்கம் சாய்ந்து வட்டமாகச் சுற்றத் தொடங்கும். சந்தேகம் இருந்தால் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் பராமரிப்பாளரைக் கூப்பிடுங்கள்.

பன்றிகள் குளிர்காலத்தில் எப்படி இருக்கும்?

தூங்கும். பன்றிக்கு முடி குறைவு, அதனால் முழங்கால் உயர வைக்கோலுக்குள் துளைத்துப் போய் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும். காலையில் கொட்டகைக்குள் போனால் வைக்கோல் குவியல் மட்டும்தான் தெரியும். காலடி வைக்கும் முன் குரல் கொடுங்கள். 300 கிலோ எடையுள்ள ஒரு ஜீவன் திடுக்கிட்டு எழுந்தால் உங்களுக்கும் அடிபடும், அதற்கும் அடிபடும். இறைச்சிக்கு வளர்க்கும் பன்றியை ஆறு மாதத்தில் கொன்றுவிடுகிறார்கள். அவ்வளவு வேகமாக எடை போடும்படி வளர்க்கப்பட்ட இனம் பத்து வயது வரை வாழும்போது மூட்டுகள் தாங்குவதில்லை. குளிரில் வலி கூடும், எழுந்திருக்கவே யோசிக்கும். மருந்தை வாழைப்பழத்திலோ வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கிலோ வைத்துக் கொடுப்பார்கள்.

கோழிகளுக்கு?

கோழிக் கொட்டகைக்குள் நுழைந்ததும் உங்களுக்கு எல்லா இடுக்குகளையும் அடைத்துக் கதகதப்பாக்க வேண்டும் என்று தோன்றும். செய்யாதீர்கள். கோழியின் மூச்சிலும் எச்சத்திலும் நிறைய ஈரம் வெளியேறுகிறது. காற்றோட்டம் இல்லாவிட்டால் அந்த ஈரம் கொண்டையிலும் தாடியிலும் படிந்து உறைந்து, நுனி கறுத்துச் செத்துவிடும். அம்மோனியா வாடை நுரையீரலைக் கெடுக்கும். அதனால் தலைக்கு மேலே, கூரையை ஒட்டிய திறப்புகளைத் திறந்தே வைத்திருப்பார்கள். தாழ்வாக வரும் காற்றை மட்டும் தடுப்பார்கள். நீங்கள் குனிந்து கோழியின் உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் படுக்கையை மாற்ற வேண்டும்.

கோழி உட்காரும் பரண் கட்டை அகலமாக, தட்டையாக இருக்கும். பாதத்தை விரித்து உட்கார்ந்தால் மார்பு இறகு விரல்களை மூடிக்கொள்ளும் என்பதற்காக அப்படி. இறைச்சிக் கோழிகள், வெள்ளை வான்கோழிகளுக்கு உடல் கனம் அதிகம். பரண் ஏற முடியாது. தரையிலேயே ஆழமாகப் படுக்கை போட வேண்டும். உறைந்து வெடித்த முட்டைகளையும் சேகரிக்கச் சொல்வார்கள். அவற்றை வேகவைத்துக் கோழிகளுக்கே திருப்பிக் கொடுப்பது வழக்கம். முட்டை போட்டு இழந்த சுண்ணாம்புச் சத்தும் புரதமும் ஓரளவு திரும்பக் கிடைக்கும்.

பறவைக் காய்ச்சல் இருக்கும்போது கோழிகளிடம் விடுவார்களா?

பல இடங்களில் விட மாட்டார்கள், அதுதான் சரி. 2022 பிப்ரவரியிலிருந்து அமெரிக்கப் பண்ணைகளில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவி வருகிறது. 2024 மார்ச்சில் கறவை மாடுகளிலும் கண்டுபிடிக்கப்பட்டது. காட்டு வாத்துகளும் கூஸ்களும் வலசை போகும் இலையுதிர், குளிர்காலங்களில் ஆபத்து கூடும். ஒரு கொட்டகையில் நோய் உறுதியானால் அங்குள்ள பறவைகளையெல்லாம் அழிக்க அரசு உத்தரவிடக்கூடும். பெயர் சொல்லி வளர்த்த பறவைகள் என்பதால் சரணாலயங்கள் இதில் மிகக் கண்டிப்பு.

கோழிப் பகுதிக்கென்று தனி பூட்ஸ், மேலங்கி கொடுப்பார்கள். கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைத்துப் போகச் சொல்வது வழக்கம். கடுங்குளிரில் அதுவும் உறைந்துவிடும் என்பதால் சில இடங்களில் உலர்தூள் வைத்திருப்பார்கள், அல்லது பூட்ஸை மாற்றியே ஆக வேண்டும் என்பார்கள். உங்கள் வீட்டில் கோழி வளர்த்தால், அல்லது ஏரிக்கரையில் வாத்துகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்தால், மறைக்காமல் சொல்லுங்கள்.

என்ன உடுத்திக்கொள்வது?

பருத்தியைத் தவிர்த்துவிடுங்கள். பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டுமே வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். சாணி அள்ள ஆரம்பித்ததும் நன்றாக வியர்க்கும், நின்றதும் அந்த ஈரம் உடம்பைக் குளிர வைக்கும். உடம்பை ஒட்டிச் செயற்கை இழையில் ஒரு உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணியில் ஒரு மேற்சட்டை, அதற்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத கோட்டு. வேலை சூடு பிடித்ததும் நடு அடுக்கைக் கழற்றிவிடுங்கள். வியர்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த இடங்கள், விலங்கிலிருந்து வரும் எதையும் பயன்படுத்தாத வீகன் கொள்கையில் நடப்பவை. கம்பளிக்கும் தோலுக்கும் பதில் செயற்கை இழை போட்டு வருவது ஒரு மரியாதை.

காலுக்கு உள்ளே கதகதப்புப் பொருள் வைத்த, முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ். அரை அளவு பெரிதாக வாங்குங்கள், விரல் இறுகினால் இரத்தம் ஓடாது. பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் முள்பட்டை. கையுறை மூன்று ஜோடியாவது வேண்டும், ஏனென்றால் தண்ணீர் வேலையில் முதல் ஜோடி நனைந்தே தீரும். வண்டியில் மாற்றுச் சாக்ஸ், மாற்றுக் கால்சட்டை. கோட்டில் கயிறு, தொங்கல், பளபளக்கும் ஜிப் எதுவும் இருந்தால் வெள்ளாடு அதைக் கடித்து இழுக்கும், கழற்றிவிட்டு வாருங்கள்.

எனக்குக் குளிரே ஒத்துவராது. தாங்குவேனா?

மதுரையிலும் சென்னையிலும் வளர்ந்தவர்கள் தாங்கிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். உடம்பு ஓடிக்கொண்டே இருப்பதால் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் குளிராது. கவனிக்க வேண்டியது வேறு. விரல் நுனி, மூக்கு, காது மடல் மரத்துப்போய் வெளிறினால், அல்லது நம் நிறத்தில் சாம்பல் பூத்தது போல் தெரிந்தால், உடனே உள்ளே போக வேண்டும். பனியை வைத்துத் தேய்ப்பது, அடுப்பில் காட்டுவது கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில், சுமார் 38 டிகிரி செல்சியஸ், ஊற வைக்க வேண்டும். யாராவது நடுங்கியபடி பேச்சுக் குழறி, தடுமாறினால் அவரைத் தனியாக விடாதீர்கள், உதவியைக் கூப்பிடுங்கள். கடுங்குளிர் எச்சரிக்கை வந்த நாளில் ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் உள்ளே போய் வரச் சொல்வார்கள். வேலை மும்முரத்தில் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாதையில் உப்புத் தூவலாமா?

விலங்குகள் நடக்கும் இடத்தில் வேண்டாம். பறவைகள் கொத்தித் தின்றுவிடும், பாதம் எரியும், பன்றிக்கு உப்பு எவ்வளவு ஆபத்து என்று மேலே சொல்லியிருக்கிறேன். மணல் தூவுவார்கள். மாடு வழுக்கிக் கால் அகன்று விழுந்தால் இடுப்பு போய்விடும், அதனால் மணல் தூவுவதை யாரும் சில்லறை வேலையாக நினைப்பதில்லை.

மாடு ஆடு பழக்கமே இல்லை. வரலாமா?

வரலாம். சொன்னதைக் கேட்டு நிதானமாகச் செய்பவர்தான் தேவை. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குக் கை பழக்கம் இருக்கும், அது பெரிய பலம். ஆனால் வாலை முறுக்குவது, கம்பால் தட்டுவது, காதைப் பிடித்து இழுப்பது போன்ற பழக்கங்களுக்கு இங்கே இடமில்லை.

கதவை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விட்டுப் போங்கள். மாட்டுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள், சுவருக்கும் மாட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்புறம், கண்ணைப் பயன்படுத்துங்கள். யார் தீனிக்கு வரவில்லை, யார் மூலையில் நிற்கிறார், யார் ஒரு காலை ஊன்றவில்லை என்று கவனித்துச் சொல்லும் தொண்டரைப் பராமரிப்பாளர்கள் தங்கம் போல் வைத்துக்கொள்வார்கள். குறிப்பாகச் செம்மறி. குளிர்காலத்தில் கம்பளி உப்பி, எல்லா ஆடும் கொழுத்த மாதிரியே தெரியும். கையுறையைக் கழற்றி விரல்களைக் கம்பளிக்குள் விட்டு முதுகெலும்பை அழுத்திப் பார்க்கச் சொல்லித் தருவார்கள். மேடு கூராகத் தட்டுப்பட்டால் அந்த ஆடு மெலிந்துகொண்டிருக்கிறது. கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வசந்தத்தில் கம்பளியை வெட்டும்வரை அது தெரியாமலே போய்விடும்.

கொஞ்சலாமா? படம் எடுக்கலாமா?

வேலை முடிந்த பிறகு, விலங்கு உங்களிடம் வந்தால். துரத்திப் போய்க் கட்டிப்பிடிப்பது வேண்டாம். படத்துக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதி, கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு?

வளாகத்துக்குள் இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பால் பொருளும் கொண்டுவரக் கூடாது என்பது பெரும்பாலான இடங்களின் விதி. அதனால் தயிர்சாதம் கூடாது, நெய் ஊற்றிய பொங்கலும் கூடாது. புளியோதரை, எலுமிச்சை சாதம், எண்ணெய் தடவிய சப்பாத்தி, சுண்டல் எல்லாம் தாராளமாகக் கொண்டு போகலாம். பெரிய பிளாஸ்கில் சூடாக ரசம் எடுத்துப் போங்கள். குளிரில் நின்றுவிட்டு வந்து ரசம் குடிப்பதற்கு ஈடு இல்லை, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டி வரும்.

நோய் ஏதாவது தொற்றுமா? கர்ப்பமாக இருந்தால் போகலாமா?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் பெரும்பாலானவை தொற்றாது. கோழிகளிடமிருந்து சால்மொனெல்லா, கன்றுகளிடமிருந்து வயிற்றுப்போக்குக் கிருமிகள், ஆடுகளிடமிருந்து ஓர்ஃப் என்ற தோல் கொப்புளம், படர்தாமரை ஆகியவை வரக்கூடியவை. டெட்டனஸ் ஊசி போட்டு பத்து ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஆடுகளிடமிருந்து வரும் சில கிருமிகள் கருவைப் பாதிக்கலாம். மருத்துவரிடம் கேட்காமல் கொட்டகைப் பக்கம் போக வேண்டாம். சமையல், துவையல், அலுவலக வேலைக்கும் ஆள் தேவைப்படும்.

எஃப்-1 (மாணவர்) அல்லது எச்-4 (பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்தார்) விசாவில் இருக்கிறேன். தொண்டு செய்யலாமா?

லாப நோக்கற்ற அமைப்பில், எந்தப் பிரதிபலனும் வாங்காமல், வழக்கமாகத் தொண்டர்கள் செய்யும் வேலையைச் செய்வதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. சிக்கல் வருவது தங்கும் இடம், உதவித்தொகை கொடுக்கும் நீண்டகாலப் பயிற்சித் திட்டங்களில். இலவச அறைகூட ஊதியமாகக் கணக்கிடப்படலாம். ஆகவே மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம். இந்தியாவிலிருந்து சுற்றுலா விசாவில் வந்து மாதக்கணக்கில் தங்கிச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

குளிர்காலத் தொண்டுக்கு 16 அல்லது 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. சின்னப் பிள்ளைகளை மே மாதத்துக்கு மேல் சுற்றுலாவாகக் கூட்டிப் போங்கள்.

குளிர்காலத்தில் விலங்குகள் இறந்துபோகுமா? அதைப் பார்க்க வேண்டியிருக்குமா?

இருக்கும். சரணாலயம் என்பது முதுமையும் நோயும் நிறைந்த இடம். வேகமாக எடை போடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட இறைச்சிக் கோழிக்கு இதயமும் காலும் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆறேழு வாரத்தில் கொல்லப்பட வேண்டியது என்று திட்டமிட்டு உருவாக்கிய உடம்பு அது. வயதான மாடு ஒரு காலைப்பொழுதில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். தன் எடையே தன் தசையை நசுக்கும். எல்லோரையும் கூப்பிட்டு, வைக்கோல் கட்டுகளை முட்டுக் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்து, பட்டை போட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். வாட்கின்ஸ் கிளென் பண்ணைக்கு இத்தாக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருப்பது பெரிய பாக்கியம்.

சில சமயம் எதுவும் பலிக்காது. வலி தீராது என்று தெரிந்தால் மருத்துவர் ஊசி போட்டு விடைகொடுப்பார். இன்னொரு கடுங்குளிரைத் தாங்காது என்று தெரிந்த விலங்குக்கு இந்த முடிவை இலையுதிர் காலத்திலேயே எடுப்பதும் உண்டு. நம்மில் பலருக்கு இது முதலில் ஏற்றுக்கொள்ளக் கடினமாக இருக்கும். உயிரை எடுக்க நாம் யார் என்ற கேள்வி நியாயமான கேள்விதான். பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, எழ முடியாத ஒரு ஜீவனை உறைந்த தரையில் நாள்கணக்கில் கிடக்கவிடுவதை அகிம்சை என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். எப்படியிருந்தாலும் அழுகை வந்தால் அடக்க வேண்டாம். அங்கே எல்லோரும் அழுதவர்கள்தான். மறுநாள் வர முடியவில்லை என்றால் சொல்லிவிட்டு ஓய்வெடுங்கள்.

கார் இல்லாமல் போக முடியுமா?

கடினம். இந்தப் பண்ணைகள் பெரும்பாலும் பேருந்து போகாத மலைப்பாதைகளில் இருக்கின்றன. பனிக்கால டயர் இல்லாத காரில் போவதும் சரியில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே வண்டியில் போவதுதான் நடைமுறை வழி. வண்டியில் மண்வெட்டி, போர்வை, சார்ஜர் எப்போதும் இருக்கட்டும்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? எப்போது விண்ணப்பிப்பது?

சரணாலயம் என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. விலங்குகளை விற்கிறார்களா, இனப்பெருக்கம் செய்கிறார்களா, கொள்ளும் அளவுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 2007-இல் தொடங்கிய குளோபல் ஃபெடரேஷன் ஆஃப் அனிமல் சாங்சுவரீஸ் என்ற அமைப்பு சரணாலயங்களைப் பரிசோதித்துச் சான்று கொடுக்கிறது. அது இருந்தால் நல்லது. சிறிய இடங்களுக்கு இல்லாமலும் இருக்கலாம். நேரில் போய்ப் பாருங்கள்: தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, படுக்கை உலர்ந்திருக்கிறதா, மெலிந்த விலங்குக்கு என்ன காரணம் என்று பராமரிப்பாளரால் சொல்ல முடிகிறதா.

செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பித்துவிடுங்கள். படிவம், பொறுப்புத்துறப்புக் கையெழுத்து, ஒரு அறிமுக வகுப்பு இருக்கும். பனி விழுவதற்கு முன்பே நாலைந்து முறை போய் வந்தால் கதவுகளும் பாதைகளும் விலங்குகளின் பெயர்களும் பழகிவிடும். படிவத்தில் எந்த நாளில் வர முடியும் என்று கேட்பார்கள். முடிந்தால் வார நாளைக் குறியுங்கள். மாதம் ஒரு முறைதான் முடியும் என்றால் அதையே எழுதுங்கள். வாரம் மூன்று நாள் என்று எழுதிவிட்டு ஜனவரியில் வராமல் போனால் அன்றைய தண்ணீருக்கு ஆள் இருக்காது.